விழா நடத்தினால் கடைவீதி பிழைத்துவிடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நகரின் பழைய மையப் பகுதியில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. வணிகர்களும் கலைஞர்களும் விடுதி நடத்துபவர்களும் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கப் பார்க்கிறீர்கள். முதல் வேலையாக ஒரு கலைவிழா, கூடவே நகருக்கு ஒரு விளம்பர வாசகம் என்று யோசனை. இது போதுமா, மற்ற நகரங்களில் இப்படிப்பட்ட அமைப்புகள் என்னதான் செய்கின்றன என்பது கேள்வி.

போதாது. விழாவும் வாசகமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை வரவேண்டிய வரிசை வேறு. நன்றாக நடக்கும் ஒரு கடைவீதி அமைப்பின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், குப்பை அள்ளுவது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, காவலுக்கு ஆள் போடுவது என்ற வரிகள்தான் பெரிதாக இருக்கும். விளம்பரம் அதற்குக் கீழேதான் வரும். வந்து பார்த்தவர் மறுபடி வரத் தோன்றாத இடத்தை விளம்பரப்படுத்தினால், அந்தப் பணம் ஒரு முறையோடு செலவாகிப் போய்விடும்.

இந்த வேலையில் பொதுவாக மூன்று வகை அமைப்புகள் இருக்கும். கடைவீதியைக் கவனிக்கும் வணிகர் அமைப்பு ஒன்று. வெளியூர்க்காரர்களை வரவழைக்கும் சுற்றுலா அமைப்பு இன்னொன்று. ஓவியர்கள், இசைக்குழுக்கள், வடிவமைப்பாளர்கள், பதிப்பகங்கள் பக்கம் நிற்கும் கலை அமைப்பு மூன்றாவது. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே காரியத்தைச் செய்வதுபோலத் தெரியும். ஆனால் பணம் வரும் வழி வேறு, அதனால் அக்கறையும் வேறு. யார் பணத்தில் ஓர் அமைப்பு ஓடுகிறது என்று விசாரித்துவிட்டால், அது எதற்கு ஓடிவரும், எதைக் கண்டுகொள்ளாமல் விடும் என்பது பாதி புரிந்துவிடும்.

முதலில் கடைவீதி. கனடாவில் டொராண்டோ நகரத்தின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1960களில் அந்தத் தெருவை ஒட்டியே சுரங்க ரயில் வந்தது. அதுவரை தெருவில் ட்ராமில் போனவர்கள் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்து இறங்குவார்கள். இப்போது அதே ஆட்கள் பூமிக்கு அடியிலேயே கடந்துபோய்விட்டார்கள். இன்னொரு பக்கம் கார் நிறுத்த வசதியோடு பெரிய வணிக வளாகங்கள். தெருவை அழகுபடுத்தலாம் என்று வணிகர்கள் கூடிப் பேசினார்கள். எல்லாச் சங்கத்துக்கும் வரும் வியாதி அங்கும் வந்தது: சந்தா கட்டுபவர் சிலர், பலனை அனுபவிப்பவர் எல்லாரும். பக்கத்துக் கடைக்காரர் பணம் போட்டு வைத்த விளக்கு என் கடைக்கும் வெளிச்சம் தரும்போது நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

அதற்கு அவர்கள் கண்ட வழி, சட்டத்தின் துணையோடு ஓர் எல்லையை வரைந்து, அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தொழில்களும் ஒரு கூடுதல் தொகை கட்டியாக வேண்டும் என்று ஆக்கியது. மாநகராட்சி அதை வரியோடு சேர்த்து வசூலித்து, அப்படியே வணிகர் அமைப்பிடம் கொடுத்துவிடும். செலவு செய்வது அமைப்பின் பொறுப்பு. 1970இல் அங்கே தொடங்கியதுதான் உலகின் முதல் ‘பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட்’, அதாவது வணிக மேம்பாட்டு வட்டாரம். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியவை விளக்குகள், உட்காரப் பெஞ்சுகள், செடித்தொட்டிகள். இன்று நியூயார்க் நகரில் மட்டும் இப்படி 70க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் இந்த முறையை எடுத்துக்கொண்டபோது ஒரு நல்ல பூட்டும் போட்டார்கள். கடைக்காரர்கள் வாக்களித்து இரண்டு கணக்கிலும் பெரும்பான்மை கிடைக்க வேண்டும்: வாக்களித்தவர் எண்ணிக்கையிலும், அவர்களுடைய கட்டடங்களின் வரி மதிப்பிலும். பெரிய கடைகள் மட்டும் சேர்ந்து சிறியவர்கள் மேல் திணிக்க முடியாது, சிறியவர்கள் சேர்ந்து பெரியவர்கள் மேலும் திணிக்க முடியாது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அப்புறம் மறுபடி வாக்கு. ஐந்து ஆண்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கடையை மூட வேண்டியது அமைப்புதான். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

இதில் ஒரு கசப்பும் உண்டு. சில நாடுகளில் இந்தத் தொகையைக் கட்டுவது கட்டட உரிமையாளர். அவர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். ஆனால் நிர்வாகக் குழுவில் அதிகமாக உட்கார்ந்திருப்பதும் அவரே. பணம் உண்மையில் வாடகைக்காரருடையது, பேச்சு உரிமையாளருடையது. தெரு அழகானதும் வாடகை இன்னும் ஏறும். அதேபோல, ‘சுத்தம், பாதுகாப்பு’ என்ற பெயரில் தெருவோர வியாபாரிகளையும் வீடற்றவர்களையும் விரட்டுவதாக இந்த அமைப்புகள் மேல் பல நகரங்களில் குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது. அது பல இடங்களில் நியாயமான குற்றச்சாட்டு. உங்கள் விதிமுறையை எழுதும்போதே வாடகைக்குக் கடை நடத்துபவர்களுக்கும் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கும் குழுவில் இத்தனை இடம் என்று எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாள் வரவே வராது.

பராமரிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவை விடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை. நகரின் நட்டநடுவில், பெரிய பொது நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்கா. 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது. தெருவை விட உயரமான தரை, சுற்றிலும் இரும்பு வேலி, வேலியை ஒட்டி அடர்ந்த புதர்வேலி. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது, உள்ளே போனால் சட்டென்று வெளியே வரவும் வழி இல்லை. வில்லியம் எச். வைட் என்ற ஆய்வாளர், பொது இடங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று கேமரா வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். இன்னும் அதிகக் காவலர்களை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. வாசல்களை அகலமாக்குங்கள், புதரை வெட்டுங்கள், ஆட்கள் வர ஒரு காரணம் கொடுங்கள் என்றார். 1980இல் அதற்கென்றே ஒரு லாபநோக்கற்ற நிறுவனம் தொடங்கினார்கள். பூங்காவை 1988இல் மூடி 1992இல் முழுதாகத் திறந்தார்கள்.

அங்கே போட்ட நாற்காலிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மடக்கக்கூடிய, லேசான, பச்சை நிற நாற்காலிகள். தரையோடு பிணைக்கவில்லை, சங்கிலி போடவில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் திருடு போய்விடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு, போகவில்லை. வைட் முன்பே கவனித்து எழுதியிருந்தார்: நகர்த்தக்கூடிய நாற்காலியில் உட்காரும்முன் ஆட்கள் அதை ஓரிரண்டு அங்குலமாவது நகர்த்துவார்கள். சில சமயம் நகர்த்தியபின் பழைய இடத்துக்கே வந்திருக்கும். வெயிலுக்குத் திருப்பிக்கொள்ளலாம், நண்பர் வந்தால் இன்னொன்றை இழுத்துப் போடலாம், பக்கத்து ஆளின் பேச்சு பிடிக்காவிட்டால் தள்ளிப் போகலாம். இந்த இடத்தில் எனக்கும் உரிமை இருக்கிறது என்ற நினைப்பை அந்த இரண்டு அங்குலம் கொடுத்துவிடுகிறது. பொதுக் கழிப்பறையில் தினமும் புதுப் பூ வைத்தார்கள். பூங்காவுக்குப் பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அதன் ஆரோக்கியத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் தயக்கமில்லாமல் தனியாக வந்து உட்காரும் இடத்துக்கு மற்ற எல்லாரும் வருவார்கள் என்பது வைட் சொன்னது. உங்கள் கடைவீதியில் ஒரு மாலை நேரம் நின்று இதை மட்டும் எண்ணிப் பாருங்கள். எந்த ஆலோசகரின் அறிக்கையும் இவ்வளவு நேரடியாகப் பேசாது.

சின்ன ஊர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை 1977இல் மூன்று சிறு நகரங்களை எடுத்துக்கொண்டு சோதனை செய்தது: இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க், இந்தியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒவ்வொன்றிலும் கடைவீதிக்கென்றே முழுநேரமாக ஒருவரை வேலைக்கு வைத்ததுதான் முக்கியமான முடிவு. அந்த ஆள் காலையில் தெருவில் நடப்பார், கடைக்காரர்களோடு பேசுவார், வங்கிக்குப் போவார், மாநகராட்சிக்குப் போவார். அந்தக் காலத்துச் செங்கல் முகப்புகளை நவீனமாகக் காட்டுகிறோம் என்று பல ஊர்களில் அலுமினியத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். தகட்டைக் கழற்றினால் பழைய அழகு உள்ளே பத்திரமாக இருந்தது. 1980இல் இது ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்ற தேசியத் திட்டமாகி, பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. தெருவின் தோற்றம், அமைப்பு, விளம்பரம், தொழில் வளர்ச்சி என்ற நான்கையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. ஓய்வு நேரத்தில் தொண்டர்களால் மட்டும் இதைச் செய்யமுடியாது. முதல் பணம் கையில் வந்ததும் ஒருவருக்கு மாதச் சம்பளம் போடுங்கள், மேடை ஒலிபெருக்கி எல்லாம் அப்புறம்.

சரி, சுற்றுலா அமைப்புக்கு வருவோம். இதன் பிறப்பே ஒரு செய்தித்தாள் கட்டுரையில். 1896 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரப் பத்திரிகையாளர் மில்டன் கார்மைக்கேல், மாநாடுகளுக்கு வருபவர்கள் நகருக்கு எவ்வளவு பணம் கொண்டுவருகிறார்கள், அவர்களை வலியப் போய் அழைக்க ஓர் அமைப்பு வேண்டாமா என்று எழுதினார். சில வாரங்களுக்குள் விடுதிக்காரர்களும் வணிகர்களும் கூடி அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். இன்றும் பெரும்பாலான சுற்றுலா அமைப்புகளின் அடுப்பு எரிவது விடுதி அறை வாடகையோடு வசூலாகும் வரியில்தான். அதனால் அவர்களின் கண் இயல்பாகவே அறைகள் நிரம்புவதில் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து மாலையில் குடும்பத்தோடு வந்து, கடையில் பொருள் வாங்கி, நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். கடைவீதியை உயிரோடு வைத்திருப்பவர்களில் அவர் முக்கியமானவர். இரண்டு அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வேலை அளவுக்கு மீறி வெற்றி பெற்றால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பார்சிலோனாவில் 1992 ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு மாநகராட்சியும் வணிகச் சபையும் சேர்ந்து சுற்றுலா அமைப்பைத் தொடங்கின. 2024இல் அதே நகரத்தின் மேயர், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமங்களை 2028க்குள் முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தார். குடியிருக்க வீடு கிடைக்காமல் நகரத்துக்காரர்கள் வெளியேறுகிறார்கள் என்பது காரணம். ஆம்ஸ்டர்டாமில் அருங்காட்சியகத்தின் முன்னால் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்ட ‘ஐ ஆம்ஸ்டர்டாம்’ என்ற ராட்சத எழுத்துகளை 2018 டிசம்பரில் மாநகராட்சியே எடுத்துவிட்டது. ஒரு காலத்தில் வாருங்கள் என்று அழைத்த நகரம், 2023இல் குடித்துக் கூத்தடிக்க வரும் இளைஞர்களைப் பார்த்து வராதீர்கள் என்று விளம்பரம் செய்தது. எடின்பரோ நகரம் 2025 ஜனவரியில் தங்கும் கட்டணத்தின் மேல் 5 விழுக்காடு பார்வையாளர் வரிக்கு ஒப்புதல் கொடுத்தது. உங்கள் ஊருக்கு இந்தப் பிரச்சினை வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் விடுதி வரி வந்தால் அதில் ஒரு பங்கு கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் கலைஞர்களுக்கும் போகும் என்பதை முதலிலேயே எழுதிவைப்பது சுலபம். எல்லாப் பணமும் விளம்பரத்துக்குப் போய்ப் பழகியபின் திருப்புவது மிகவும் கடினம்.

இனி மூன்றாவது வகையான கலை அமைப்பு, அதாவது கலை, வடிவமைப்பு, எழுத்து போன்ற வேலைகளால் ஓடும் படைப்புப் பொருளாதாரம். இந்தச் சொல்லைக் கேட்டதும் சுவரோவியம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பிரிட்டிஷ் அரசு 1998இல் படைப்புத் தொழில்களைப் பட்டியலிட்டபோது அதில் 13 துறைகள் இருந்தன: இசை, நாடகம், கைவினை என்பவற்றோடு விளம்பரம், கட்டட வடிவமைப்பு, பதிப்பு, மென்பொருள்வரை. அதாவது, பழைய கட்டடத்தின் மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து புத்தகம் வடிவமைத்தால் அதுவும் இதில் சேர்த்திதான். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக வேண்டியது ஒன்று: கட்டுப்படியாகும் இடம், அதில் நாளைக்கும் இருக்கலாம் என்ற நம்பிக்கை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரம் இதை அழகாகச் செய்தது. 1989இல் நிலநடுக்கம், 1999இல் பெரிய எஃகு ஆலை மூடல். மையத் தெருவான ஹன்டர் தெருவில் வரிசையாக ஷட்டர்கள் இறங்கிவிட்டன. அந்த ஊர்க்காரரான மார்கஸ் வெஸ்ட்பரி நடந்துபோய் எண்ணிப் பார்த்தார். சுமார் 150 கட்டடங்கள் காலி. உரிமையாளர்கள் ஏன் குறைந்த வாடகைக்குக்கூட விடவில்லை என்று விசாரித்தார். பல ஆண்டு குத்தகை எழுதிவிட்டால், நாளைக்கு நல்ல விலைக்கு ஆள் வந்தால் வெளியேற்ற முடியாது. குறைந்த வாடகைக்கு விட்டால் கட்டடத்தின் மதிப்பும் தாளில் குறையும். ஆகவே பூட்டிவைப்பதே அவர்களுக்கு லாபமாகப் பட்டது. 2008இல் ‘ரின்யூ நியூகாசில்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, குத்தகைக்குப் பதில் 30 நாளுக்கு 30 நாள் நீட்டிக்கும் உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். காப்பீடும் பேப்பர் வேலையும் அமைப்பின் தலையில். உரிமையாளர் எப்போது கேட்டாலும் சாவி திரும்ப வந்துவிடும். கலைஞர்களும் கைவினைஞர்களும் உள்ளே வந்தார்கள், ஷட்டர்கள் ஏறின, விளக்குகள் எரிந்தன. 2011ஆம் ஆண்டில் பார்க்க வேண்டிய பத்து நகரங்களில் ஒன்றாக லோன்லி பிளானட் என்ற பயண வழிகாட்டிப் பதிப்பகம் நியூகாசிலைச் சேர்த்தது. அதற்கு முன்னால் யாரும் அங்கே புதிதாக ஒரு கட்டடம்கூட எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

ஆனால் 30 நாள் உரிமம் ஆரம்பத்துக்குத்தான் நல்லது. தெரு பிழைத்ததும் முதலில் வெளியேறுவது அதைப் பிழைக்கவைத்த கலைஞர்தான் என்ற அநியாயம் உலகம் முழுக்க நடக்கிறது. இதைத் தடுக்க வழி, சில கட்டடங்களையாவது சந்தையின் கையிலிருந்து எடுத்துவிடுவது. சான் பிரான்சிஸ்கோவில் 2013இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, கலை அமைப்புகளுக்காகக் கட்டடத்தை வாங்கிப் பிடித்துவைத்து, அவர்கள் பணம் திரட்டி வாங்கிக்கொள்ள ஆண்டுக்கணக்கில் நேரம் கொடுக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பதூகா என்ற சிறிய ஆற்றங்கரை நகரம், 2000இல் பாழடைந்த வீடுகளைக் கலைஞர்களுக்குக் கிட்டத்தட்டச் சும்மாவே கொடுத்தது. உள்ளூர் வங்கி ஒன்று வீட்டின் மதிப்பை விட அதிகமாகக் கடன் கொடுத்துப் புதுப்பிக்க வைத்தது. சொந்த வீட்டில் இருப்பவரை வாடகை ஏற்றி விரட்ட முடியாது. மறுபக்கம், டொராண்டோவில் 1986லிருந்து கலைஞர்களுக்கு இடம் கொடுத்துவந்த ஆர்ட்ஸ்கேப் அமைப்பு பெரிய கட்டடங்களின் கடன் சுமையில் 2023இல் விழுந்தது. நல்ல நோக்கம் வட்டி கட்டாது, சிறியதாகத் தொடங்குங்கள்.

இசைக்கு இன்னொரு தனிப் பிரச்சினை உண்டு, சத்தம். முப்பது ஆண்டாகப் பாட்டு நடக்கும் அரங்கத்துக்குப் பக்கத்தில் புதுக் குடியிருப்பு எழும்பும், குடிவந்தவர்கள் புகார் கொடுப்பார்கள், அரங்கம் மூடப்படும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் இதைத் தலைகீழாக்கியது: யார் புதிதாக வருகிறாரோ, அவர்தான் சத்தம் புகாதபடி சுவர் எழுப்ப வேண்டும். ஒரு வாரம் நடக்கும் இசைவிழாவை விட இந்த ஒரு விதி இசைக்கலைஞர்களுக்கு அதிகம் செய்யும் என்பது என் திடமான கருத்து.

‘ஒரு பெரிய அருங்காட்சியகம் கட்டினால் பில்பாவோ மாதிரி ஆகிவிடாதா’ என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு அருங்காட்சியகத்தால் நகரமே உயிர்பெற்றதாகப் பேசப்படும் ஊர் அது. ஸ்பெயினின் பில்பாவோவில் குகன்ஹைம் என்ற அந்த அருங்காட்சியகம் திறந்தது 1997இல். அதற்கு முன்பே, 1980களில், ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கிவிட்டது. 1992இல் மத்திய அரசும் வட்டார நிர்வாகங்களும் சரிபாதியாகச் சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்து, துறைமுகமும் ரயில்வேயும் விட்டுப்போன நிலங்களைச் சீர்ப்படுத்தின. 1995இல் மெட்ரோ வந்தது. அருங்காட்சியகம் அந்த வரிசையில் ஒன்று. முன்னால் நடந்ததை விட்டுவிட்டு மினுக்கும் கட்டடத்தை மட்டும் பார்த்துக் காப்பியடிப்பது ஆபத்து.

கணக்குப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. விழா முடிந்ததும் இத்தனை கோடி வருமானம் வந்தது என்று யாராவது ஓர் அறிக்கை நீட்டுவார்கள். உள்ளூர்க்காரர் வேறு தெருவில் செலவழித்திருக்கக்கூடிய பணத்தை இங்கே செலவழித்ததையும் அதில் புது வருமானமாகச் சேர்த்திருப்பார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பூட்டிய கடைகள் எத்தனை, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குத் தெருவில் எத்தனை பேர், திறந்த கடைகளில் இரண்டு ஆண்டுக்குப் பின்னும் எத்தனை நீடிக்கின்றன: இந்த மூன்றையும் நீங்களே எண்ணலாம், செலவும் இல்லை.

முதல் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் கடைவீதியில் நடந்து, பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு கடைக்கும் உரிமையாளர் யார், எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். விழா நடத்தும் ஆசையை விட வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை பிரம்மாண்டமாக என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். மாதத்தில் ஒரே குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை, கடைகளும் கலைக்கூடங்களும் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கட்டும், ஓரிரு இடத்தில் இசை இருக்கட்டும். பல நகரங்கள் இப்படித்தான் தொடங்கின. மேடைச் செலவு இல்லை, மழை பெய்து ஒரு மாதம் கெட்டாலும் அடுத்த மாதம் இருக்கிறது. முதல் மாதம் நாற்பது பேர் வந்தால் அந்த நாற்பது பேர் உட்கார நாற்காலி போடுங்கள். பொதுக் கழிப்பறையின் சாவி அன்றைக்கு யார் கையில் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள்.